பூச்சியம் தசம் பூச்சியம் நான்கு

சென்ற செவ்வாய்க்கிழமை தரம் பத்துப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

என்னை! இருபத்தேழு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளை. கொப்பியை ஒரு புரட்டுப் புரட்டியே எது வீட்டில் செய்தது, எது பஸ்ஸுக்குள் வைத்துப் பார்த்தெழுதியது என்று சொல்லக்கூடியவளை.

அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேரே அதற்குள் போக முடியவில்லை. வாரம் தவறாமல் வந்த இந்தப் பத்தி ஏழு கிழமையாக வரவில்லை அல்லவா? பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தீர்களாம். சந்தையில் ஒரு வாசகி கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார்.

"என்ன டீச்சர், உங்கட எழுத்தையே காணேல்லை? வீட்டுக்காரர் இப்ப ஒரு குழப்படியும் செய்யிறேல்லையோ?"

நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வெங்காயக் கடைப் பக்கம் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை கிழமை அவரை வைத்தே இந்தப் பக்கத்தை ஓட்டியிருக்கிறேன்! துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலில் இருந்து தொன் கணக்கான பாரத்தை முட்டை வைப்பதுபோல இறக்கிவைப்பார். வீட்டில் ஒரு கிளாஸை உடைக்காமல் கழுவத் தெரியாது. கலியாண வீடு ஒன்றுக்கு இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு போய், "மற்றச் சோடியும் இதே மாதிரித்தான் வீட்டில கிடக்கு" என்று சொன்ன மனிதர்.

அவர் இப்போது இல்லை.

மூன்று சொல். எழுத ஏழு கிழமை எடுத்திருக்கிறது. இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. மகன் டோஹாவுக்குத் திரும்பிப் போனான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகும்போது கைப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. அதிபருக்கு எழுதியது, நாலே வரி. முன்கூட்டியே ஓய்வு பெற விரும்புகிறேன் என்று.

ஏன் என்கிறீர்களா? வகுப்பில் நிற்க முடியவில்லை. முதல் இரண்டு நாளும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாலே அழுகை வந்தது. அதனால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளும் சத்தமில்லாமல் பார்த்தெழுதிக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பேர் படிப்பித்தலா? அதற்குச் சம்பளம் வேறா?

ஒரு பாடம்... ஒரே ஒரு பாடம் ஒழுங்காக எடுத்துப் பார்ப்பது. முடியாவிட்டால் அன்றைக்கே கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது. இப்படித்தான் முடிவெடுத்தேன்.

அந்தப் பாடம் எதுவாக வந்து வாய்த்தது தெரியுமா?

நஸீமா டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தின் மற்ற விஞ்ஞான ஆசிரியை. கிண்ணியாவில் இருந்து வருபவர். நான் இல்லாத நாட்களில் என் வகுப்புகளையும் அவர்தான் சுமந்தார். ஆசிரியர் அறையில் என்னைக் கண்டதும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ரெண்டு அலகு முடிச்சிட்டன் டீச்சர். திணிவுக் காப்பு விதிய மட்டும் விட்டுவச்சிருக்கன். அந்தப் பரிசோதனை நீங்க செய்யிற மாதிரி எனக்கு வராது."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "வேணாமெண்டா நானே எடுக்கன். நீங்க அடுத்ததில இருந்து தொடங்குங்க" என்றார் அவசர அவசரமாக.

"இல்லை, நானே எடுக்கிறன்" என்றேன். வீம்புதான். வேறென்ன?

விஞ்ஞானத்தை மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். திணிவை எடை என்றே இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொருட்கள் சேர்ந்து தாக்கமடைந்து வேறொன்றாக மாறும்போது புதிதாக எதுவும் எங்கிருந்தோ வந்து சேர்வதில்லை. இருந்தது எதுவும் இல்லாமல் போவதுமில்லை. முன்னுக்கு இருந்த நிறைதான் பின்னுக்கும் இருக்கும். அவ்வளவுதான் விதி.

செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுவதும் இதைத்தானே எனக்குப் படிப்பித்துவிட்டுப் போனது? "அவர் எங்கேயும் போகேல்லைப் பிள்ளை. உன்னோடதான் இருக்கிறார்." ஒருவர் இருவரல்ல. வந்தவர்கள் எல்லோரும். நான் தலையை ஆட்டினேன். ஆனால் உள்ளுக்குள் இருக்கிற விஞ்ஞான டீச்சர் சும்மா இருப்பாளா? "இருக்கிறாரெண்டால் எந்த நிலையில்? திண்மமா, திரவமா, வாயுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சரி, பரிசோதனைக்கு வருவோம்.

எங்கள் ஆய்வுகூடத்துத் தராசு உப்புக் காற்றில் துருப்பிடித்து, எதை வைத்தாலும் ஒரே நிறையைக் காட்டுகிறது. அதனால் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவரிடம் போய்ப் பல்லைக் காட்டினேன். அவர் தங்கம் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றைத் துணியில் சுற்றித் தந்தார்.

"டீச்சர், இது ஒரு கிராமில நூறில ஒரு பங்கையும் காட்டும். காத்துப் பட்டாலே ஆடும். ஃபேனை நிப்பாட்டிப்போட்டு நிறுங்கோ. புதன் பின்னேரம் கொண்டுவந்து தந்தாக் காணும்."

அடுத்தது பாத்திரம். வழக்கமாக எல்லோரும் இந்தப் பரிசோதனைக்குக் குடுவையின் வாயில் பலூன் கட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பலூன் ஊதினால் சுற்றியிருக்கிற காற்று அதைக் கொஞ்சம் தூக்கும்; நுண்ணிய தராசு குறைத்துக் காட்டும். மூடி போட்ட வெறும் பிளாஸ்டிக் சோடாப் போத்தல்தான் நல்லது. வீங்காது, சுருங்காது. புதுப் போத்தல் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நான் புதுப் போத்தல் எடுக்கவில்லை. சமைக்கிற குசினியின் யன்னலில் இருந்ததை எடுத்தேன்.

இஞ்சிச் சோடாப் போத்தல். கடைசி மாதங்களில் அவருக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இஞ்சிச் சோடா ஒரு மிடறு மட்டும் இறங்கும். மூடியைத் திறப்பார், ஒரு மிடறு, மூடியைப் பூட்டுவார். ஒரு நாளைக்கு இருபது தரம். என்னைப் பூட்ட விடமாட்டார். "நீ இறுக்கமாப் பூட்டமாட்டாய். காஸ் போயிடும்" என்பார். கையில் பலம் இல்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவார். கிரேனில் கொளுக்கி பூட்டினால் மூன்று தரம் சரிபார்க்கிற ஆள். அந்தப் பழக்கம்.

புத்தியுள்ள எந்த விஞ்ஞான ஆசிரியையாவது மூடியின் புரி தேய்ந்த பழைய போத்தலை இந்தப் பரிசோதனைக்கு எடுப்பாளா? எடுத்தேனே. அந்தப் பாடத்துக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை. ஃபேன்களை நிற்பாட்டியதும் வகுப்பு வேகத் தொடங்கியது. முன்வாங்கில் சங்கவி இருந்தாள். அன்புவழிபுரத்துப் பிள்ளை. நித்திரையில்கூட வாய் ஓயாது என்று நினைக்கிறேன்.

"டீச்சர், இப்பிடி வேர்த்தால் திணிவு காக்கப்படும், நாங்கள் காக்கப்படமாட்டம்."

வகுப்பு சிரித்தது. பிறகு, சிரிக்கலாமா என்ற யோசனையோடு என்னைப் பார்த்தது. என் வாய் கொஞ்சம் வளைந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் தோள்கள் இறங்கின.

போத்தலுக்குள் ஒரு சிட்டிகை அப்பச்சோடா. சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் வினாகிரி. குழாயைச் சிந்தாமல் போத்தலுக்குள் இறக்கி நிறுத்தி, மூடியைப் பூட்டித் தராசில் வைத்தேன். சங்கவி வாசித்தாள்: "நூற்றுப் பன்னிரண்டு தசம் நாலு ஆறு." பலகையில் எழுதினேன்.

அப்புறம் போத்தலைச் சரித்தேன். வினாகிரி சோடாவில் கொட்டியது. நுரை பொங்கியது. பின்வாங்குப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் குரலும் எனக்குக் கேட்டது. அடடா, முடிகிறதே என்றுகூட நினைத்தேன்.

திரும்பத் தராசில் வைத்தேன்.

ஸ்ஸ்ஸ்...

மெல்லிய சத்தம். முன்வாங்குக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். தராசில் இலக்கம் ஆடியது. தசம் நாலு ஐந்து. தசம் நாலு நாலு. தசம் நாலு மூன்று...

காஸ் போயிடும். காஸ் போயிடும்.

தராசில் இலக்கம் இறங்குவதை நான் முன்னரும் நின்று பார்த்திருக்கிறேன். கிளினிக்கில். அட்டையில் மாதம் மாதம் எழுதுவார்கள். எண்பத்திரண்டு. எழுபத்தாறு. எழுபத்தொன்று. எனக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெரிய உடம்பு எங்கே போகிறது என்று விஞ்ஞானம் தெரிந்தவளுக்குத் தெரியாதா? மூச்சாகத்தான் போகிறது. உடம்பு தன்னைத் தானே எரித்து, காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மூக்கு வழியே வெளியே விடுகிறது. என் பக்கத்துக் கட்டிலில் கிடந்துகொண்டு என் கண் முன்னாலேயே அவர் கொஞ்சம் கொஞ்சமாக யன்னலால் வெளியே போய்க்கொண்டிருந்தார். பிடித்து வைக்க ஒரு மூடி இல்லை.

தசம் நாலு இரண்டில் இலக்கம் நின்றது.

"பிள்ளைகள், ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன்.

எங்கள் ஆய்வுகூட வராந்தாவில் நின்றால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். அவர் வேலை செய்த காலம் முழுக்க இடைவேளையில் அந்தத் துண்டைத்தான் பார்ப்பேன். கிரேன் அசைந்தால் ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமையும் அது அசைந்துகொண்டிருந்தது. வேறு யாரோ.

அழுதேன். ஒளிப்பானேன்? தூணைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் வந்திருந்தேன். கடிதம் அதற்குள் இருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு நேரே அதிபரின் அறைக்குப் போவது என்று முடிவெடுத்தேன். வகுப்பில் சொல்லிவிட்டுப் போவோம் என்று திரும்பி உள்ளே வந்தால்...

"டீச்சர்! டீச்சர்! வாசிப்பு சரியா வந்திட்டுது!"

சங்கவிதான். முன்வாங்கே துள்ளியது. தராசைப் பார்த்தேன். 112.46. ஒரு இலக்கம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"கதவால காத்து வந்து தராசு ஆடினது டீச்சர். கதவைச் சாத்தினாப் பிறகு தானாச் சரி வந்திட்டுது."

நம்பினேனா? நம்பினேன். காற்றுப் பட்டால் ஆடும் என்று நகைக்கடைக்காரரும் சொன்னவர்தானே. கேட்ட சத்தம்? என் மனப்பிராந்தி என்று தள்ளிவிட்டேன். நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டால் விஞ்ஞான டீச்சரும் நம்புவாள். பலகையில் இரண்டு வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் சமன் குறி போட்டேன். வகுப்பு கைதட்டியது. எதற்கு இப்படிக் கைதட்டுகிறார்கள் என்றுகூட யோசிக்கவில்லை.

கடிதத்தைக் கொடுக்காமலே வீட்டுக்குப் போனேன்.

பின்னேரம் குசினியில் போத்தலைக் கழுவக் கவிழ்த்தேன். சோடாப் போத்தலின் அடியைப் பார்த்திருப்பீர்கள். பூ மாதிரி ஐந்து மேடும், நடுவில் குழியும். அந்தக் குழிக்குள் ஏதோ கறுப்பாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒட்டுப்பொட்டு. நாலு. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டியிருந்தது.

பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே போனபோது முன்வாங்கில் நாலு நெற்றிகள் வெறுமையாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் என் கண்ணில் படாமல் இல்லை. வேர்வையில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஆமாம், கோபம்தான். என் வகுப்பில் எத்தனை பிழையும் விடலாம். வாசிப்பை மட்டும் திருத்தக்கூடாது. "வந்ததை எழுது, வரவேண்டியதை எழுதாதே." இதை எத்தனை ஆயிரம் தரம் கத்தியிருப்பேன்! வாசிப்பைத் திருத்தினார்கள் என்று ஒரு முறை ஒரு வகுப்பு முழுவதற்கும் புள்ளியை வெட்டிவிட்டு, பெற்றோர் வந்து சண்டை பிடித்தபோதும் மசியாதவள் நான்.

அந்தக் கோபம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

ஏனென்றால்... நானும் வாசிப்பைத் திருத்தியிருக்கிறேன்.

இதுவரை யாருக்கும் சொல்லாதது. எழுபத்தொன்றுக்குப் பிறகு கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளையிடம் போய், "நிறையைச் சத்தமா வாசிக்காதைங்கோ மகள், கார்ட்டில எழுதினாக் காணும்" என்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடி போடாமல் அவருக்குத் தராசும் தெரியாது, அட்டையும் தெரியாது. கண்ணாடி என் கைப்பைக்குள் இருக்கும். தராசில் இருந்து இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "எத்தனையாம்?"

"எழுபத்திரண்டு. ஒரு கிலோ கூடியிருக்கு."

அடுத்த மாதம்: "எழுபத்திரண்டுதான். குறையேல்லை."

அதற்கடுத்த மாதம்: "எழுபத்துமூண்டு!"

அன்றைக்கு அவர் என்னையே பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்தார். ஆணியைச் சுடவைத்து பெல்ட்டில் அவரே புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார்.

"நீ சொன்னாச் சரி. ஆனா இந்தப் பெல்ட்டுக்கு அது விளங்குதில்லையே" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். கிளினிக் வாசலில் நின்று, மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த முறையும் அவர் கேட்டிருப்பார், நானும் கூட்டிச் சொல்லியிருப்பேன். அடுத்த முறை வரவில்லை.

அன்புள்ளவர் கண் முன்னால் குறைந்துகொண்டு போனால், கையில் அகப்பட்டதை ஒட்டி நிறையைச் சரிக்கட்டத்தான் மனம் ஓடுகிறது. எனக்கு அகப்பட்டது பொய். பிள்ளைகளுக்கு அகப்பட்டது பொட்டு. அவர்களுடையது என்னுடையதை விடச் சுத்தமான சரக்கு.

புதன்கிழமை தராசையும் போத்தலையும் மறுபடியும் கொண்டுபோனேன். வகுப்பு தானாகவே ஃபேனை நிற்பாட்டியது. போத்தலைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"இதென்ன?"

முன்வாங்கில் நாலு தலைகள் குனிந்தன. பிறகு சங்கவி எழுந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"நாங்கள்தான் டீச்சர் ஒட்டினனாங்கள்."

"ஏன்?"

"நம்பர் குறைஞ்சுகொண்டு போகேக்குள்ள... உங்கட முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடந்தது டீச்சர். நீங்கள் வெளியில நிண்டு அழுதீங்கள். நான் என்ரதை எடுத்து ஒட்டினனான். ஒண்டுதான் கூடினது. பிறகு இவையளும் தந்தவை. நாலாவதோட சரியா வந்திட்டுது."

தராசைக் கிட்ட இழுத்து வைத்தேன். பொட்டுகளை நிறுக்க ஒரு துண்டுக் கடதாசி தேவைப்பட்டது. இல்லாவிட்டால் தராசுத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். கைப்பைக்குள் கையை விட்டேன். வந்தது அந்தக் கடிதம். ஒரு பாதியைக் கிழித்தேன். தெரியாமல் கிழித்தேன் என்று எழுதினால் இந்த இடத்தில் அழகாக இருக்கும். ஆனால் அது வரவேண்டியதை எழுதுவது. தெரிந்துதான் கிழித்தேன்.

கடதாசித் துண்டை வைத்து, தராசைப் பூச்சியமாக்கி, நாலு பொட்டையும் ஒவ்வொன்றாக உரித்து ஒட்டினேன்.

0.04.

"இதுதான் குறைஞ்சது. பலகையில நேற்று நான் எழுதினது பிழை. கொப்பியில வெட்டிப்போட்டு நூற்றுப் பன்னிரண்டு தசம் நாலு இரண்டு எண்டு எழுதுங்கோ. மூடி சரியில்லை, அது என்ர பிழை. சரி, அந்தப் பூச்சியம் தசம் பூச்சியம் நாலும் எங்க போனது?"

"மூடியால வெளியில போயிட்டுது டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"வெளியில எங்க?"

"இந்த அறைக்குள்ளதான். நாங்கள் சுவாசிச்சும் இருப்பம்."

"அப்ப அழிஞ்சு போச்சுதா?"

"இல்லை டீச்சர்."

"திரும்பப் பிடிச்சுப் போத்தலுக்குள்ள போடலாமா?"

சங்கவி மெதுவாகச் சொன்னாள்: "ஏலாது டீச்சர்."

"அப்ப எழுதுங்கோ. அழியேல்லை. ஆனா திரும்பி வராது."

இரண்டாவது வசனம் பாடப்புத்தகத்தில் இல்லை. எழுதினார்கள். சொல்லும்போது என் குரல் உடைந்தது. உடைந்தாலும் கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இனி, வாசிப்பைத் திருத்தினால் என்ன நடக்கும்?"

"மாக்ஸ் வெட்டுவீங்கள்."

"ஓம். நாலு பேருக்கும் அஞ்சு அஞ்சு மாக்ஸ் போச்சு. கொப்பியைக் கொண்டாங்கோ!"

அந்த நாலு முகத்திலும் வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டுமே! "டீச்சர் ஏசுறாடி" என்று சங்கவி பக்கத்தில் இருந்தவளின் விலாவில் இடித்தது எனக்குக் கேட்டது. புள்ளி வெட்டுப்பட இப்படி ஓடிவந்து வரிசையில் நின்ற பிள்ளைகளை என் வாழ்நாளில் கண்டதில்லை.

தராசைச் சொன்னபடி பின்னேரம் நகைக்கடையில் கொடுத்துவிட்டேன். அதிபருக்கு அரைக் கடிதம் கொடுக்க முடியாது; மற்றப் பாதியைக் குப்பையில் போட்டேன். போத்தலைத் திரும்பக் குசினி யன்னலில் வைத்தேன்.

பொட்டுகளை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் எப்போதும் என் ஒட்டுப்பொட்டுகள் இருக்கும். படுக்கப் போகும்போது எடுத்து ஒட்டுவேன், காலையில் எடுத்து வைப்பேன். பெண்களுக்குத் தெரியும் இந்தப் பழக்கம். "சவரம் செய்யேக்குள்ள என்ர கன்னத்தில அஞ்சாறு பொட்டு நிக்குது" என்று அவர் நாள் தவறாமல் புறுபுறுப்பார். மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. வைத்தியசாலையில் இருந்து தொலைபேசி வருவதற்கு முதல் நாள் இரவு வழமைபோல எடுத்து ஒட்டியது. காலையில் அதைத் திரும்ப எடுக்கத் தேவைப்படவில்லை. இனிப் பொட்டு வைக்காதே என்று யாரும் சொல்லவுமில்லை.

அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளின் நாலையும் ஒட்டினேன். அவர் நின்று சவரம் செய்கிற உயரத்தில்.

ஆகவே, சந்தையில் என் கையைப் பிடித்துக் கேட்ட சகோதரிக்கும், போன் எடுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும், நான் கூட்டிச் சொன்ன அந்த மூன்று மாதத்தின் சரியான வாசிப்பு இதோ: அறுபத்துமூன்று, ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்பது.

வந்ததை எழுதிவிட்டேன்.